நான் அழித்த மூவர்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கட்டி முடிக்கப்படும் தறுவாயில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்றில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஒருத்தி பெண். அவர்களைக் கணினியில் நான் அழித்தேன். மனிதர்கள் என்று தெரிந்தே அழித்தேன். பின்னால் ஓர் ஆய்வு மாணவி கேட்டபோது, அங்கே யாரும் இருந்ததில்லை, அது வெறும் கறை என்று பொய் சொன்னேன். அதற்குச் சில மாதம் கழித்து மூலப்படமும் வெள்ளத்தில் அழிந்தது. அந்த மூவர் அங்கே நின்றதற்கு இன்றைக்குச் சான்று எதுவும் இல்லை.

இதை ஒரு விபத்தைப் போலவும் சொல்லலாம். வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பரிதாபத்தை வாங்கிக்கொள்ளலாம். சில வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது முழுவதையும் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து, சுத்தப்படுத்தி, கண்காட்சிக்கும் புத்தகத்துக்கும் ஏற்றபடி தருவது என் தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடப் படங்கள் என்றால் இவரைக் கேளுங்கள் என்று நாலு பேர் சொல்லும் அளவுக்கு எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரும் தொட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் எப்போதும் உள்ளே இருந்தது. என் குற்றத்தின் வேர் அதுதான்.

அந்த ஆல்பம் அடையாற்றுக்குப் பக்கத்தில் வசித்த ஒரு பெரியவருடையது. அவருடைய முன்னோர் ஒருவர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். அவர் வாங்கிச் சேர்த்த படங்கள். சேப்பாக்கம் அரண்மனை, பிரசிடென்சி கல்லூரி, செனட் ஹவுஸ் என்று கடற்கரையை ஒட்டிய கட்டடங்கள்தான் அதிகம். எடுத்தவர் பெயர் அட்டையில் இல்லை. பெரியவர் அந்த ஆல்பத்தை யாருக்கும் லேசில் திறந்து காட்ட மாட்டார். என்னை நம்பிக் கொடுத்தார். “தம்பி, பத்திரம்” என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்.

செனட் ஹவுஸ் படம் 10-க்கு 12 அங்குலம். ஆல்புமென் அச்சு. உப்புக் கலந்த முட்டை வெள்ளைக்கருவைக் காகிதத்தில் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் மிதக்கவிட்டு உலர்த்தி, கண்ணாடி நெகட்டிவோடு ஒட்டி வைத்து வெயிலில் காட்டி எடுக்கிற முறை. 1850-இல் பிரான்சில் பிளாங்கார் எவ்ரார் அறிமுகப்படுத்தியது. நெகட்டிவ் எந்த அளவோ அதே அளவில்தான் படமும் வரும். பெரிதாக்குவது என்ற பேச்சே கிடையாது. அதனால் நுணுக்கம் கொஞ்சமும் சிதையாது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்தால் செங்கல்லுக்குச் செங்கல் எண்ணலாம்.

எடுப்பவருக்கு அது லேசான வேலை இல்லை. 1851-இல் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தட்டு முறைதான் அடுத்த முப்பது வருடமும் கோலோச்சியது. கண்ணாடித் தட்டில் கொலோடியனை ஊற்றி, வெள்ளிக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். இருட்டுக் கூடாரத்தைப் படம் எடுக்கும் இடத்துக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும். சென்னை வெயிலில் தட்டு சீக்கிரம் காயும். கடற்காற்றில் மணல் பறக்கும். அத்தனையையும் மீறி ஒரு தட்டு உருப்படியாக வந்தால்தான் ஒரு படம்.

செனட் ஹவுஸ் 1874-இல் தொடங்கி 1879-இல் முடிந்தது. வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். பக்கத்தில் இருக்கிற பிரசிடென்சி கல்லூரியும் அவர் வடிவமைத்ததுதான். 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு அதுவரை இப்படியொரு மண்டபம் இருக்கவில்லை. மூலைக்கொரு கோபுரம், மேலே குவிமாடம், பக்கவாட்டில் தூண் வரிசை. நான் சொல்லும் படத்தில் கட்டடம் ஏறக்குறைய முடிந்திருந்தது. கடற்கரைப் பக்கத்து மூலைக் கோபுரத்தில் மட்டும் சாரம் பிரிக்கப்படாமல் நின்றது. வானம் வெறும் வெள்ளை. ஈரத்தட்டு நீல ஒளியைத்தான் அதிகம் வாங்கும், சிவப்பை வாங்காது. அதனால் வானம் வெளுத்துப்போகும், செங்கல் கறுத்துப்போகும். அந்த வெள்ளைக்கு எதிரே சாரக் கம்பங்கள் கோடு கிழித்தாற்போலத் தெரிந்தன.

வாசல் படியில் ஒரு சேவகர் நின்றார். தலைப்பாகை, டவாலி, விறைத்த தோள். அவரைச் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள். கட்டடத்தின் உயரம் பார்ப்பவருக்குப் புரிவதற்காக அந்தக் காலப் புகைப்படக்காரர்கள் ஓர் ஆளை இப்படி நிறுத்துவது வழக்கம்.

மற்ற மூவரை யாரும் நிறுத்தவில்லை. அவர்கள் சாரத்தின் அடியில் இருந்தார்கள். கட்டடம் முழுவதும் கூர்மையாக விழ வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது, மூடியைக் கழற்றிச் சில வினாடிகள் காத்திருக்க வேண்டும். கட்டடம் காத்திருக்கும். வேலை செய்கிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள். நடந்துகொண்டே இருப்பவர் படத்தில் விழுவதே இல்லை. கொஞ்சம் நின்று நகர்ந்தவர் பாதி விழுவார். அவர் உடம்பின் வழியாகப் பின்னால் இருக்கும் சுவர் தெரியும்.

மூவரில் இருவர் ஆண்கள். குனிந்திருந்தார்கள். சாந்து குழைத்துக்கொண்டிருந்திருக்கலாம். மூன்றாவது அந்தப் பெண். தலையில் கூடை. முகம் இல்லை. இடுப்புக்கு மேலே அடுப்புப் புகைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் மாதிரி கலங்கியிருந்தாள். ஆனால் பாதங்கள் இரண்டும் தெளிவாக விழுந்திருந்தன. பாரத்தோடு உடம்பு ஆடியிருக்கிறது, கால் ஊன்றிய இடத்தை விட்டு நகரவில்லை. திரையில் பெரிதாக்கியபோது ஒரு காலின் கட்டைவிரல் மணலில் அழுந்தியிருப்பது தெரிந்தது. அதை நான் பார்த்தேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

அழித்தது ஓர் இரவு வேலையில். அவசரம் எதுவும் இல்லை. கண்காட்சிக்கு நாள் இருந்தது. காகிதத்தில் பூஞ்சைப் புள்ளிகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தேன். அது நியாயமான வேலை. அவை காலம் வைத்த கறைகள், கேமரா பார்த்தவை அல்ல. அப்படியே சாரத்தின் அடிக்கு வந்தேன். மூவரும் அங்கே கலங்கலாக இருந்தார்கள். படத்தின் அந்த மூலை மட்டும் அழுக்காகத் தோன்றியது. கையை மவுஸிலிருந்து எடுத்தேன். யோசித்தேன். பிறகு பக்கத்துச் சுவரிலிருந்தும் மணலிலிருந்தும் துண்டுகளை நகலெடுத்து அவர்கள்மேல் வைக்க ஆரம்பித்தேன். முதலில் ஆண்கள். பிறகு கூடை. பிறகு உடம்பு. பாதங்களைக் கடைசியில் எடுத்தேன். மணலின் சொரசொரப்பு சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தும்வரை விடாமல் செய்தேன். தடம் தெரியாமல் முடித்ததில் எனக்குப் பெருமை.

சேவகரை விட்டுவைத்தேன். அவருடைய டவாலியின் விளிம்பை இன்னும் கூர்மையாக்கினேன்.

ஏன் செய்தேன் என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். படத்தை அழகாக்க என்பது முதல் பதில். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. சொன்னபடி நின்றவர் படத்துக்கு உரியவர், வேலை செய்து கலங்கியவர்கள் படத்துக்கு இடைஞ்சல் என்று என் கண் பிரித்துவிட்டது. அந்தக் கட்டடத்தைத் தலையில் சுமந்து எழுப்பியவர்கள் எனக்குக் கட்டடத்தின் மேல் படிந்த அழுக்காகத் தெரிந்தார்கள். இப்படி எழுத எனக்குக் கூசுகிறது. எழுதாமல் விட்டால் இந்த வாக்குமூலத்துக்கு அர்த்தம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எது சரி என்று எனக்குத் தெரியும். கூட்டங்களில் நானே அதைப் பேசியவன். புகைப்படக் கலையின் முன்னோடி ஃபாக்ஸ் டால்பாட் 1844-இல் தொடங்கிப் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘தி பென்சில் ஆஃப் நேச்சர்’ நூலின் முதல் படமே ஒரு பல்கலைக்கழகக் கட்டடம்தான். ஆக்ஸ்போர்டின் குயின்ஸ் கல்லூரி. அதன் கல் தேய்ந்திருப்பதை அவர் மறைக்கவில்லை. வெயிலும் மழையும் கல்லை எப்படித் தின்றிருக்கின்றன என்பதைப் படத்தில் பார்க்கச் சொல்கிறார். அதே கல்லூரியின் நுழைவாயில் படத்துக்கு எழுதிய குறிப்பில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். படம் எடுத்தவரே அறியாத பல விஷயங்கள் படத்தில் பதிந்திருக்கும், வெகுநாள் கழித்துத்தான் அவர் கண்ணில் படும் என்கிறார். சுவரில் ஒரு தேதி, தூரத்தில் ஒரு கடிகாரம், அது காட்டும் மணி. புகைப்படக் கலையின் வசீகரங்களில் ஒன்று இது என்கிறார்.

இதை எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன்! கிளாஸ்கோவையும் சொல்வேன். அங்கே பல்கலைக்கழகம் 1870-இல் புது இடத்துக்குப் போனது. ஹை ஸ்ட்ரீட்டில் இருந்த பழைய கல்லூரி ரயில்வேயின் கைக்குப் போனது. தாமஸ் அன்னன் எடுத்த படங்கள் 1871-இல் ஆல்பமாக வந்தன. அந்த முற்றங்களை இன்று பார்க்க வேண்டுமென்றால் இதுபோன்ற படங்களில்தான் பார்க்க முடியும். கல்கத்தாவையும் சொல்வேன். வால்டர் கிரான்வில் வடிவமைத்த செனட் ஹவுஸை 1960 வாக்கில் இடித்துவிட்டார்கள். அதன் பெருந்தூண்கள் இன்று பழைய படங்களில் மட்டும் நிற்கின்றன. கட்டடம் போனாலும் படம் சாட்சி சொல்லும் என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். இவ்வளவும் பேசிய நான்தான் ஒரு சாட்சியத்தின் மேல் மணலைப் பூசினேன்.

வேலை முடிந்ததும் கோப்பைச் சேமித்தேன். ஸ்கேன் செய்த மூலக் கோப்பை எப்போதும் தொடாமல் தனியாக வைக்க வேண்டும், திருத்தம் எல்லாம் நகலில்தான் செய்ய வேண்டும். இந்தத் தொழிலின் பாலபாடம் இது. அன்றைக்கு நான் திருத்தியது மூலக் கோப்பையே. டிஸ்க்கில் இடம் குறைவாக இருந்தது. நகல் எடுக்கச் சோம்பல். அதன் மேலேயே சேமித்துவிட்டேன்.

சில நாளில் அது நினைவுக்கு வந்தது. அப்போது ஆல்பம் என் வீட்டில்தான் இருந்தது. அலமாரியிலிருந்து எடுத்து மறுபடி ஸ்கேன் செய்தால் போதும். சிறிய வேலை. செய்யவில்லை. ஒருமுறை ஆல்பத்தைக் கையில் எடுத்தேன், அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே திருப்பி வைத்தேன். அந்தப் பெண்ணை மறுபடி ஸ்கேன் செய்து வைத்தால் நான் செய்ததை என் கணினியிலேயே எழுதிவைத்ததுபோல் ஆகிவிடும் என்று பயந்தேன். ஆல்பத்தைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

கண்காட்சியில் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்டினார்கள். நேற்று எடுத்த படம் மாதிரி இருக்கிறது என்று பலர் பாராட்டினார்கள். நான் நன்றி சொன்னேன்.

அந்த மாணவி 2015-இன் நடுவில் என்னிடம் வந்தார். சேப்பாக்கத்துக் கட்டடங்களை எழுப்பிய கொத்தனார்கள், சித்தாட்கள், செங்கல் சுமந்தவர்கள் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். சிஷோமின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, வேலை செய்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுவதுதான் அவர் ஆய்வு. ஆல்பம் என்னிடம் வருவதற்கு முன்பே, தெரிந்தவர் மூலமாகப் பெரியவர் வீட்டில் அதை ஒரு முறை பார்த்திருக்கிறார். படம் எடுக்கப் பெரியவர் அனுமதிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த நோட்டை என்னிடம் காட்டினார். கோபுரம் எது, சாரம் எங்கே, மூன்று உருவங்கள், ஒன்று பெண், தலையில் கூடை. எல்லாம் சரியாக எழுதியிருந்தார். தன் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தையே அந்தப் பெண்ணிலிருந்து தொடங்கியிருந்தார்.

“சார், கண்காட்சியில மாட்டியிருந்த படத்துல அவங்க இல்லையே? ஒரிஜினல்ல இருந்தாங்களே?” என்று கேட்டார்.

அவர் குரலில் சந்தேகம் இல்லை. உண்மையைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தன் கண்ணைவிட என்னை அதிகம் நம்பினார். அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். “நான்தாம்மா எடுத்துட்டேன், வாங்க, பெரியவர் வீட்டுக்குப் போய் மறுபடி படம் பிடிச்சுடலாம்.” நான் ஒரு போன் செய்தால் பெரியவர் ஆல்பத்தைத் திறந்திருப்பார். அவர் வீடு தூரமில்லை.

நான் சொன்னது வேறு. “அது உருவம் இல்லம்மா. காகிதத்துல ஈரம் பட்ட கறை. பழைய ஆல்புமென் அச்சுல இப்படி வரும். ஒரிஜினலை நான் வாரக்கணக்கா கையில வெச்சிருந்தவன். ஆள் மாதிரி தெரியும், ஆள் இல்ல.”

அவர் நோட்டை ஒரு முறை பார்த்தார். “பாதம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு சார்” என்றார்.

“அப்படித்தான் தோணும்” என்றேன்.

இதுதான் அந்தக் கணம். படத்தை அழித்தது கர்வம். இது கோழைத்தனம். முதல் தவற்றுக்கு அப்போது மருந்து இருந்தது. இரண்டாவது தவறு அந்த மருந்தையும் கொட்டிவிட்டது. பாதத்தைப் பார்த்த ஒரு பெண்ணிடம், நீ பார்த்தது பாதம் இல்லை என்று சொன்னேன். என் வயதையும் என் பெயரையும் வைத்துக்கொண்டு சொன்னேன்.

அதோடு நிற்கவில்லை. அவருடைய ஆய்வைப் பார்வையிட்டவர்களில் ஒருவர் என்னிடம் கருத்துக் கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன். எழுத்தில் கொடுத்தேன். கறையைப் பார்த்து மனிதர்களைக் கற்பனை செய்திருக்கிறார், ஆர்வக்கோளாறு என்ற பொருளில் எழுதினேன். அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். ஆய்வை முடிக்கத் தாமதமானது. ஆதாரத்தை ஊதிப் பெருக்குகிறவர் என்ற பேச்சும் அவரைச் சுற்றிக் கிளம்பியது. அந்தப் பேச்சுக்கு விதை போட்டது என் கடிதம்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு கரை மீறியது. பெரியவர் வீட்டின் கீழ்த்தளத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். ஆல்பம் கீழே இருந்த அலமாரியில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு கூப்பிட்டார், போனேன். ஆல்பம் ஒரே கட்டியாக ஊறியிருந்தது. அட்டைகள் உப்பி, பக்கத்தோடு பக்கம் ஒட்டியிருந்தன. நான் ஒன்றைப் பிரிக்கப் பார்த்தேன். படம் இருந்த மேல்தோல் அட்டையிலிருந்து கழன்று எதிர்ப் பக்கத்தோடு போய்விட்டது. மீதி சேறு. செனட் ஹவுஸ் படத்தைத் தேடினேன். வெளுத்த காகிதத்தில் குவிமாடத்தின் ஒரு வளைவு தெரிந்தது. கீழ்ப்பாதி முழுவதும் உரிந்திருந்தது.

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “போகட்டும் தம்பி. நல்ல வேளை, நீங்க எல்லாத்தையும் காப்பி எடுத்து வெச்சீங்க. அதுலயாவது இருக்கே” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

அப்போதும் நான் சொல்லவில்லை. அந்த நன்றியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பழைய காலத்திலும் திருத்தினார்களே என்று எனக்குள் வாதாடியிருக்கிறேன். உண்மைதான், திருத்தினார்கள். 1856 முதல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சாவூரையும் மதுரையையும் படம் எடுத்தவர், தன் காகித நெகட்டிவ்களில் தூரிகையால் வர்ணம் தொட்டு மேகம் வரைந்திருக்கிறார். மர இலைகளுக்கு மெருகு ஏற்றியிருக்கிறார். ஆனால் அவர் வைத்த வர்ணம் அந்த நெகட்டிவ்களின் மேலேயே இருக்கிறது. இன்று அவற்றை எடுத்துப் பார்ப்பவர் எது கேமரா பார்த்தது, எது கை வரைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும். இல்லாத மேகத்தை அவர் வைத்தார், இருந்த மனிதர்களை நான் எடுத்தேன். அவர் கைவேலைக்குத் தடயம் உண்டு, என் கைவேலைக்குத் தடயம் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். கேட்டபோது மறுத்தேன். டிரைப்பின் நிழலில் நான் ஒதுங்க முடியாது.

முழு உண்மை என்றால் இதையும் சேர்க்க வேண்டும். நான் இப்படிச் செய்தது அந்த ஒரு படத்தில் மட்டும் அல்ல. வேறு கட்டடங்களின் படங்களிலும் கலங்கலாக விழுந்தவர்களை எடுத்திருக்கிறேன். வண்டிக்காரர்கள், கூட்டுகிறவர்கள், மரத்தடியில் படுத்திருந்தவர்கள். அப்போது அது எனக்கு உறுத்தவே இல்லை. நினைவுக்கு வந்தவற்றையெல்லாம் பட்டியல் போட்டு, அந்தப் படங்களை வைத்திருப்பவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அவற்றின் மூலங்கள் இருக்கின்றன. மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம். நினைவுக்கு வராதவையும் இருக்கும். அவற்றுக்கு நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியவரிடம் சொன்னேன். சொல்லும்போது அவர் மிகவும் தளர்ந்திருந்தார். கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. “அவங்க எங்க வீட்டு ஆல்பத்துல இவ்வளவு வருஷம் இருந்தாங்க. எனக்கே தெரியாது” என்றார். பிறகு வேறு எதுவும் பேசவில்லை.

மாணவியிடமும் சொன்னேன். இப்போது அவர் மாணவி இல்லை, வேறு ஊரில் வேலை பார்க்கிறார். அந்த ஆய்வுத் துறையில் இல்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நீங்கள் வெளியிடலாம் என்றேன்.

“வெளியிட்டா என்ன சார் ஆகும்? முன்னாடி ஆள் இல்லேன்னு எழுதிக் கொடுத்தவரும் நீங்க. இப்ப ஆள் இருந்தாங்கன்னு எழுதிக் கொடுக்கறவரும் நீங்க. ரெண்டுல எதை நம்பறதுன்னு கேப்பாங்க” என்றார். சற்று நேரம் கழித்து, “நான் பார்த்தது நிஜமான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு சார். அது வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டீங்க” என்றார்.

எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

அவர் சொன்னதுதான் இந்த வழக்கின் சாரம். மூலப்படம் இல்லை. மூலக் கோப்பு இல்லை. அவர் நோட்டில் இருக்கும் சில வரிகளும் என் நினைவும்தான் மிச்சம். அந்த வரிகளின் நம்பகத்தை நானே கெடுத்தேன். என் நினைவோ பொய் சொன்னவனின் நினைவு.

இருந்தாலும் பதிவு செய்கிறேன். செனட் ஹவுஸின் கடற்கரைப் பக்கத்து மூலைக் கோபுரம் ஒன்றில் சாரம் பிரிக்கப்படாமல் இருந்த நாளில் எடுத்த படம் அது. சாரத்தின் அடியில் மூன்று பேர். இருவர் ஆண்கள், குனிந்த நிலை. ஒருத்தி பெண், தலையில் கூடை, பாதங்கள் தெளிவு. அவர்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பெயர் தெரியாது, வயது தெரியாது. பார்த்ததைத் தாண்டி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அந்த மாணவி நோட்டில் எழுதியது எல்லாமே சரி. ஆர்வக்கோளாறு என்று நான் எழுதியது பொய். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

இந்தச் சாட்சியத்துக்கு என்ன மதிப்புக் கொடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். என்னை நம்ப மறுத்தால் அது நியாயம்தான். ஆனால் அந்த மறுப்பை அவர்கள்மேல் ஏற்றிவிடாதீர்கள். நம்பகம் இழந்தவன் நான். அவர்கள் மூவரும் அங்கே இருந்தார்கள்.